பாளையங்கோட்டை வெயிலில் வாடும் ஊட்டி ஃபுஷியா

அண்ணாச்சி, ஊட்டியில் வாங்கி வந்த, பூ தொங்கிப் பூக்கும் ஃபுஷியாச் செடி மொட்டை மாடியில் மொட்டெல்லாம் உதிர்த்துவிட்டு, தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்.

இந்தச் செடியின் பூர்வீகம் பெரும்பாலும் தென் அமெரிக்க, நடு அமெரிக்க மலைகளில் மேகம் தவழும் காடுகள். பகலிலும் குளிர்ச்சி, காற்றில் எப்போதும் ஈரம். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே மொட்டு கொட்டத் தொடங்கும். இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாமல், மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை தொங்கிவிடும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் வேர் அழுகும். ஒரு வேரை மெல்ல இழுத்துப் பாருங்கள். தோல் கழன்று நூல் மட்டும் நின்றால் அழுகல். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைத்துவிடும்.

மாடியிலிருந்து இறக்கி, இளவெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணையில் வையுங்கள். தொட்டியை ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈர மணல் போடுங்கள்; வேர் குளிர்ந்திருக்கும். ஆடிக் காற்று நேராக அடிக்க வேண்டாம். இப்போதைக்கு உரமும் வேண்டாம்.

ஐப்பசி மழை பிடித்தால் துளிர்க்கும். சித்திரையில் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

மாஞ்சோலை மலைப் பக்கம் கொண்டுபோய் நடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், அது புலிகள் காப்பகம். ஹவாயில் சில ஃபுஷியா வகைகள் காட்டுக்குள் பரவிக் களையாகிவிட்டன.

தொங்கும் பூதான் ஆசை என்றால் தொங்கு செம்பருத்தி வாங்குங்கள். கிழக்கு ஆப்பிரிக்காச் செடி, நம்மூர் வெக்கையைத் தாங்கும்.