லண்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்கு வேப் கொண்டுபோகலாமா?

கேட்டிருப்பவர் லண்டனில் படிக்கும் தம்பி. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார், வழியில் சிங்கப்பூரில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கல். விமான நிறுவனத்தின் விதிகளைப் படித்தாராம். வேப்பை, அதாவது இ-சிகரெட்டை, கைப்பையில் கொண்டுவரலாம் என்று போட்டிருக்கிறதாம். "அப்புறம் என்ன பிரச்சினை? செக்-இன் பெட்டியில் போட்டால்தான் என்ன? 13 மணி நேரப் பயணத்தில் டாய்லெட்டுக்குள் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் தெரியவா போகிறது?" என்று கேட்கிறார்.

கொண்டுவராதீர்கள் தம்பி. லண்டன் அறையிலேயே டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

நானும் சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறியவன்தான். ஆறு வருடம் அது பாக்கெட்டில் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. அதனால் இது உபதேசம் இல்லை, பட்டு அறிந்தது.

விமான நிறுவனம் "கொண்டுவரலாம்" என்று சொன்னால் அது நெருப்பைப் பற்றிய பேச்சு. இந்தப் பொருள் என் விமானத்தில் தீப்பிடிக்குமா, பிடித்தால் எந்த இடத்தில் இருந்தால் அணைக்க முடியும், அவ்வளவுதான் அவர்கள் கவலை. நீங்கள் இறங்கும் நாட்டில் அது சட்டப்படி சரியா என்பது உங்கள் பாடு. ஹீத்ரோவில் ஸ்கேனரில் உங்கள் வேப்பைப் பார்ப்பவர் "நீ போகிற ஊரில் இது குற்றம்ப்பா" என்று சொல்ல மாட்டார். தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்குப் போகலாம். அந்தப் பக்கம் போய் இறங்கியபிறகுதான் கதை.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வேப்பை வைத்திருப்பதே குற்றம். இழுக்கக்கூட வேண்டாம், பையில் இருந்தாலே போதும். 2025 செப்டம்பர் 1 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். முதல் முறை பிடிபடும் பெரியவர்களுக்கு 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், 18 வயதுக்குக் கீழே என்றால் 500. வேலை பாஸ், மாணவர் பாஸில் இருப்பவர்கள் மறுபடியும் மாட்டினால் பாஸையே ரத்து செய்து ஊருக்கு அனுப்பலாம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த பாட்கள் (வேப்பில் மாட்டும் திரவக் குப்பிகள்) அங்கே பரவியதுதான் இத்தனை கடுமைக்குக் காரணம். நான் சுற்றுலாப் பயணி, எனக்குத் தெரியாது என்பதெல்லாம் அங்கே செல்லாது. சித்தி வீட்டுக்குப் போகிற இடத்தில் இது தேவையா?

அடுத்து நம் ஊர். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது, அதே டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைப்பது எல்லாவற்றுக்கும் தடை. இறக்குமதி செய்து முதல் முறை மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும்: "சட்டத்தில் 'பயன்படுத்துதல்' என்ற சொல்லே இல்லையே, என் சொந்த உபயோகத்துக்குத்தானே ஒன்று கொண்டுவருகிறேன்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து பையில் வைத்து உள்ளே கொண்டுவருவதும் இறக்குமதிதான். அந்த வாதத்தை அதிகாலை மூன்று மணிக்கு மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியிடம், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே அப்பா காத்திருக்க, நீங்கள் வைக்க வேண்டியிருக்கும்.

ஆக உங்கள் வழியில் இரண்டு இடத்திலும் கதவு மூடிக்கிடக்கிறது. துபாய் வழியாகப் போகிறவர்கள், ஐரோப்பாவுக்குள் சுற்றுகிறவர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. இது ஏதோ ஒரு கம்பெனியின் பிடிவாதம் இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015இல் உலகத்துக்கே பொதுவாகப் போட்ட விதி. அதற்கு முன் நடந்த இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். 2014 ஆகஸ்டில் பாஸ்டன் விமான நிலையத்தில் சரக்கறையிலிருந்த பெட்டி ஒன்றில் இ-சிகரெட்டால் தீப்பிடித்து, விமானத்தையே காலி செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே ஒரு பெட்டி தாமதமாக வந்து இணைப்பு விமானத்தைத் தவறவிட்டது. லக்கேஜ் பகுதியில் கிடந்த அந்தப் பெட்டி பற்றி எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். உள்ளே சூடேறிய இ-சிகரெட். பெட்டி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால்? வழக்கமாகப் பெட்டி வரவில்லை என்று திட்டுவோம். அன்றைக்கு அது வராமல் போனதே புண்ணியம்.

நடப்பது என்னவென்றால், பட்டன் உள்ள வேப்பில் துணிகளுக்கு நடுவே பட்டன் அழுந்திக்கொண்டே இருந்தால் உள்ளே ஆவியை உண்டாக்கும் சுருள் கம்பி (coil) சூடாகிக்கொண்டே போகும். பக்கத்திலேயே லித்தியம் பேட்டரி. அது ஒருமுறை தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால், சரக்கறையில் இருக்கும் ஹாலான் என்ற தீயணைப்பு வாயு சுற்றியுள்ள தீயை அடக்குமே தவிர, பேட்டரிக்குள் நடப்பதை நிறுத்தாது. மேலே, கேபினில் என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். அதனால்தான் கைப்பையில். தென் கொரியாவில் இதையும் தாண்டிவிட்டார்கள். 2025 ஜனவரியில் பூசான் விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிந்தபின், மார்ச் முதல் பவர் பேங்க், இ-சிகரெட் இரண்டையும் தலைக்கு மேல் உள்ள அலமாரியில்கூட வைக்கக் கூடாது, கண் பார்வையில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

கைப்பையில் என்று சொல்லும்போது ஒரு ஓட்டை இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். லண்டனிலிருந்து ஐரோப்பாவுக்குள் ஒரு குட்டிப் பயணம். விமானம் நிறைந்துவிட்டது, மேலே இடமில்லை என்று கேட்டிலேயே என் டிராலியை வாங்கி, கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டினார்கள். அங்கிருந்த அம்மா, "உள்ளே பேட்டரி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். நான் போனில் பார்த்துக்கொண்டே "இல்லை" என்றேன். பாதிப் படிக்கட்டு இறங்கியபிறகு, பழக்க தோஷத்தில் கை ஜீன்ஸ் பாக்கெட்டைத் தடவியது. காலி. திரும்ப ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, தரையில் மண்டி போட்டு, அழுக்குச் சட்டை, சார்ஜர், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அடியில் ஒரு காலுறைக்குள் இருந்த வேப்பையும் பவர் பேங்கையும் பிடுங்கினேன். அந்த அம்மா திட்டவில்லை. "தினமும் பத்துப் பேர்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வேப் எப்போதும் இடுப்புப் பையில்தான், டிராலியில் இல்லை.

தனியாக எடுத்துப்போகும் 18650 பேட்டரிகளும் (பெரிய வேப்புகளில் போடும் உருளை பேட்டரிகள்) கைப்பையில்தான், அதுவும் சும்மா போடக் கூடாது. சாவிக்கொத்தோ சில்லறையோ இரண்டு முனையிலும் பட்டால் முடிந்தது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் டப்பா போதும். ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற வரம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு 18650 ஏறத்தாழ 11தான் வரும். விமானத்துக்குள் சார்ஜ் போடக் கூடாது. வேப்பில் ஊற்றும் திரவம், அதாவது ஜூஸ், அந்தப் பாட்டில்களுக்குப் பல விமான நிலையங்களில் வழக்கமான 100 மில்லி கணக்கு.

வேப்பில் ஜூஸ் நிற்கும் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். அதாவது நீங்கள் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது உப்புமே, அதே சமாச்சாரம் டேங்குக்குள் நடக்கும். உள்ளே சிக்கிய காற்று விரிந்து ஜூஸை வெளியே தள்ளும். அண்ணனைப் பார்க்கத் துபாய் போனபோது என் சட்டைப் பாக்கெட் முழுக்க மாம்பழ ஃப்ளேவர். வீட்டு வாசலில் அண்ணி, "என்னங்க தம்பி, வரும்போதே மேங்கோ மில்க் ஷேக் கொட்டிக்கிட்டீங்களா?" என்றார். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவர் எதுவும் பேசவில்லை, அது இன்னும் மோசம்.

சரி, டாய்லெட் கேள்வி. இழுத்தால் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் புகை கண்டறியும் கருவிக்கு அது புகையா ஆவியா என்ற தத்துவ விசாரம் கிடையாது. காற்றில் மிதக்கும் துகளைத்தான் அது பார்க்கிறது, கிளிசரின் துளியும் துகள்தான். டாய்லெட் நெருப்புக்கு இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1973இல் பாரிஸ் ஓர்லி அருகே வாரிக் நிறுவன விமானம் ஒன்றில் கழிவறைக் குப்பைத்தொட்டியில் தீப்பிடித்து 123 பேர் இறந்தார்கள். புகைபிடிக்கத் தடை இருந்தும் டாய்லெட்டில் இன்றைக்கும் ஆஷ்ட்ரே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவனாவது திருட்டுத்தனமாகப் பற்ற வைத்துவிட்டால், துண்டைக் காகிதத் தொட்டியில் போடாமல் இதிலாவது போடட்டும் என்பதற்குத்தான் அது. மனிதர்களைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யாரோ போட்ட விதி.

"பைலட்டே இழுத்திருக்கிறாராமே" என்று ஒருவர் கமென்டில் கேட்டிருந்தார். உண்மைதான். 2018 ஜூலை, ஹாங்காங்கிலிருந்து தாலியன் போன ஏர் சைனா விமானம். துணை விமானி காக்பிட்டில் வேப் இழுத்துவிட்டு, ஆவி பயணிகள் பக்கம் போகக் கூடாது என்று காற்றோட்ட விசிறியை நிறுத்தப் போய், தவறுதலாகப் பக்கத்திலிருந்த ஏசி அமைப்பை நிறுத்திவிட்டார். உள்ளே அழுத்தம் குறைந்து ஆக்ஸிஜன் முகமூடிகள் தொங்க, விமானம் சுமார் 35,000 அடியிலிருந்து 10,000 அடிக்கு இறங்கியது. 153 பயணிகள். அவரே மறைக்கப் பார்த்துத்தான் மாட்டினார், நீங்கள் மடக்குக் கதவுக்குப் பின்னால் எம்மாத்திரம்.

அந்த 13 மணி நேரத்துக்கு நான் செய்வது, கிளம்பும்போதே தோள்பட்டையில் ஒரு நிகோடின் பேட்ச். லண்டனில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் சரி என்று கடையிலுள்ள மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மணி நேரம் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும், அப்புறம் தூங்கிவிடுவீர்கள்.

கிளம்புமுன் ஒரே ஒரு வேலை. பையை மட்டும் பார்க்காதீர்கள், குளிர்கோட்டின் உள்பாக்கெட்டையும் பாருங்கள். போன டிசம்பரில் சென்னைக்குக் கிளம்பி ஹீத்ரோ ரயிலில் உட்கார்ந்தபிறகு என் கோட்டில் ஏதோ குத்தியது. எப்போதோ வாங்கி மறந்த டிஸ்போஸபிள் (தீர்ந்ததும் தூக்கி எறியும் வேப்), நீல நிறம், பாதி ஜூஸ் மிச்சம். வழியனுப்ப வந்த நண்பன் கையில் திணித்தேன். அவன் புகையே பிடிக்காதவன். இன்னும் அவன் சமையலறை அலமாரியில் கரம் மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், எப்போது வந்து எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.