குக்கி கிளிக்கரில் முதல் அசெண்ட் எப்போது?

தலைவா, ஹார்பர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறேன், குக்கி கிளிக்கரில் (கிளிக் பண்ணிக் குக்கி சேர்க்கும் கம்ப்யூட்டர் கேம்) பிரெஸ்டீஜ் (மொத்தம் சுட்ட குக்கியைப் பொறுத்து ஏறும் நிலை) 60-லேயே அசெண்ட் (குக்கி, கட்டடங்களை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது) பண்ணிடலாமா என்று கேட்டிருந்தீங்க. வேண்டாம், பொறுங்க. பிரெஸ்டீஜ் குறைந்தது 365 வரட்டும், 440 என்றால் இன்னும் நல்லது, அப்போதுதான் முதல் தடவையிலேயே உருப்படியான ஹெவன்லி அப்கிரேடுகள் (அசெண்டுக்கு அப்புறமும் நிலைக்கும் மேம்பாடுகள்) வாங்க சிப்ஸ் (பிரெஸ்டீஜுக்கு ஏற்ப கிடைக்கும் ஹெவன்லி சிப்ஸ்) இருக்கும். அதையும் தாண்டி இழுக்காதீங்க, ஏனென்றால் பிரெஸ்டீஜ் இரண்டு மடங்காக மொத்த குக்கி எட்டு மடங்கு ஆகணும்.

அதுவரை வீட்டில் இருக்கும் நேரத்தில் கோல்டன் குக்கியை (அவ்வப்போது திரையில் தோன்றி மறையும், கிளிக் பண்ணினால் பரிசு தரும்) விடாதீங்க. தானாகக் குக்கி செய்யும் கட்டடம் ஒவ்வொன்று வாங்கும்போதும் விலை 15% ஏறுது, கையில் இருப்பதையெல்லாம் அதில் கொட்டினால் கோல்டன் குக்கியின் 'லக்கி' பரிசு வந்தும் பெரிசா கிடைக்காது, அது கையிருப்பில் 15% அல்லது 15 நிமிட உற்பத்தி, இரண்டில் எது குறைவோ அதைத்தான் தரும். 100 நிமிட உற்பத்தியை எப்போதும் இருப்பில் வையுங்க.

அசெண்ட் ஆனதும் ஹெவன்லி அப்கிரேடில் முதலில் லெகசி, அப்புறம் உடனே ட்வின் கேட்ஸ் வாங்குங்க. அதுக்கப்புறம் நீங்க ஷிப்டில் இருக்கும்போதும் கொஞ்சம் குக்கி சேரும்.