கிரேக்க வெண்ணெய் பிஸ்கட் உடம்புக்கு நல்லதா?

குராபியேதெஸ் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்: கிறிஸ்துமஸுக்கு கிரேக்க வீடுகளில் சுடும், சர்க்கரைப் பொடியில் புதைந்த வெள்ளை பிஸ்கட். சத்துக்காகச் சாப்பிடும் பண்டம் இல்லை. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. அதோடு மைதா, சர்க்கரை. 30 கிராம் பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 140 கலோரி வரும். உள்ளே இருக்கும் பாதாம் கொஞ்சம் புரதமும் நார்ச்சத்தும் தரும், அவ்வளவுதான்.

ஆனால் ருசி! ஆட்டுப்பால் வெண்ணெயின் மணம், வறுத்த பாதாம், லேசாக ரோஜாப் பன்னீர். வாயில் வைத்ததும் பொலபொலவென்று உதிரும். (கடிக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள், பொடி தொண்டையில் ஏறிவிடும்.) வடக்கு கிரேக்கத்தில் கவாலா நகரத்துக்கு அருகே நியா கர்வாலி என்ற ஊர் இதற்குப் பேர்போனது, கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட 1923 மக்கள் பரிமாற்றத்தில், துருக்கியின் கப்படோக்கியா பகுதியிலிருந்து வந்த அகதிகள் குடியேறிய ஊர் அது.

சர்க்கரை வியாதி இல்லையென்றால், சர்க்கரை போடாத காபியோடு ஒன்றிரண்டு தாராளமாகச் சாப்பிடலாம்.