கேள்வி பதில்: கிராமத்துச் சேகரத்துக்குப் போகிற ஐயருக்கு (சபைக் குருவானவருக்கு)

கேள்வி: ஐயா, நான் பி.டி. என்கிற இறையியல் பட்டப்படிப்பில் கடைசி வருஷம் படிக்கிறேன். பிறந்து வளர்ந்தது எல்லாம் டவுனில். படிப்பு முடிந்ததும் எட்டு, பத்து ஊர்ச் சபைகள் ஒரே குருவானவரின் கீழ் சேர்ந்த கிராமத்துச் சேகரத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்கிறார்கள். கிரேக்கமும் எபிரெயமும் படித்த எனக்கு அங்கே போய் என்ன செய்வது என்றே தெரியவில்லை. எப்படித் தயாராவது?
- ஓர் இறையியல் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, கிரேக்கம் படித்தது வீண் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கிராமத்து ஜனத்துக்கு இது போதும் என்று அரைகுறையாகத் தயாரித்துக்கொண்டு பிரசங்க பீடம் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அந்த ஜனத்தை அவமதிப்பது. முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பாட்டி வேதாகமத்தை நாலு தடவை முழுசாக வாசித்து முடித்தவராக இருப்பார், வசனத்தை மாற்றிச் சொன்னால் ஆராதனை முடிந்ததும் வந்து சொல்லிவிடுவார்.

உங்களுக்கு இன்னும் வராதது ஊரைப் பற்றிய படிப்பு. எனக்கும் வந்திருக்கவில்லை. என் முதல் சேகரம் செம்மணல் தேரிக்காட்டு ஓரம், முக்கால்வாசி பனைத் தொழில் செய்கிற ஊர்கள். போன முதல் பங்குனியிலேயே ஆண்கள் காலை ஆராதனைக்கு வருவதில்லை என்று பிரசங்கத்தில் கடிந்து பேசிவிட்டேன். ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கிற உதவி ஊழியரான உபதேசியார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் என்னை எழுப்பிப் பனங்காட்டுக்குக் கூட்டிப்போனார். பதநீர் காலத்தில் பாளையைத் தினமும் சீவ வேண்டும், விட்டால் ஊறுவது நின்றுவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமையும் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கத்தான் வேண்டும், இறக்கியதை உடனே காய்ச்ச வீட்டில் பெண்கள் அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு சபையில் மன்னிப்புக் கேட்டேன். பதநீர் காலம் முடியும்வரை ஆராதனையை இரவு ஏழரைக்கு மாற்றினோம், ஆண்கள் வந்தார்கள்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, குருப்பட்டத்துக்கு முன்பே ஏதாவது ஒரு கிராமத்தில் ஒரு மாதமாவது ஓர் உபதேசியாரோடு தங்குவது. அவருக்குப் பட்டம் இருக்காது, சம்பளமும் சொற்பம். ஆனால் எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சு இல்லை, யார் எதனால் திருவிருந்துக்கு வருவதில்லை, யார் நகையை அடகு வைத்து மகளை நர்சிங் படிக்க வைக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். பத்து ஊர் இருந்தால் ஒவ்வோர் ஊருக்கும் மாதம் ஒரு ஞாயிறு நீங்கள் போவதே பெரிய விஷயம், மற்ற ஞாயிறெல்லாம் பிரசங்கம் அவருடையது. சரி, அப்படியானால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா உபதேசியார்களையும் வரவழைத்து, உங்கள் கிரேக்கத்தையும் அவர்களுடைய ஊர் அனுபவத்தையும் சேர்த்து அந்த வாரப் பிரசங்கத்தை ஒன்றாக உட்கார்ந்து தயாரியுங்கள். உபதேசியார்களை நம்பி ஊழியம் நடப்பது தமிழ்நாட்டில் புதிதும் இல்லை. 1733-ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்) குரு, அதற்கு முன் பல வருஷம் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர்தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பல ஊர்களில் சபை ஒன்று, தெரு இரண்டு, கல்லறைத் தோட்டமும் இரண்டு. போன முதல் வாரம் நீங்கள் யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பதை ஊரே பார்க்கும். பெரிய வீட்டு அழைப்பு முதலில் வரும். கூப்பிடத் தயங்குகிற வீடு எது என்று உபதேசியாரிடம் கேட்டு, அந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சாப்பிடுங்கள். அப்புறம் மற்ற வீடுகளுக்குப் போகலாம். 1969-ல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே மக்களோடு தங்கிப் படிக்க அனுப்புகிற வழக்கம் உண்டு. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பலருக்குப் பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குள் கொண்டுவந்தார், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதையே இறையியலாகச் சொல்லிக்கொடுத்தார். கேட்கச் சுலபமாக இருக்கும், முதல் வாரச் சாப்பாட்டிலேயே அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் கணவர் விரைவில் குருவானவர் ஆகப்போகிறார். ஐயரம்மா என்று ஊர் என்னிடம் நிறைய எதிர்பார்க்குமே, எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லையே?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயம்மா. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-ல் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு கிராமங்களுக்கு ஊழியர்களைத் தயார் செய்தபோது குடும்பத்தோடு வரச்சொல்லி மனைவிமாருக்கும் பாடம் வைத்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததை இன்று எத்தனை இடத்தில் செய்கிறோம்? உங்கள் கணவரின் கல்லூரியிலேயே உரிமையோடு கேளுங்கள். மற்றபடி, பெண்கள் ஐக்கியமும் ஞாயிறு பள்ளியும் பாடகர் குழுவும் முழுக்க உங்கள் தலையில்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துச் செய்யுங்கள், மற்றதற்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவராக இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சேகரத்துக்கு வருகிற ஐயர் எல்லாரும் இரண்டு வருஷம் ஆனதும் டவுனுக்கு மாற்றல் கேட்கிறார்களே, கிராமம் என்றால் இளக்காரமா?
- சேகரக் கமிட்டி உறுப்பினர், ஆலங்குளம் பக்கம்

பதில்: சிலருக்கு இளக்காரம் இருக்கலாம், அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் நான் பேசிப் பார்த்த இளம் ஐயர்களில் அதிகம் பேர் சொன்னது பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வீடும்தான். உங்கள் ஐயர் குடியிருக்கிற வீட்டில் மழைக்கு ஒழுகுகிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? அடுத்த கமிட்டியில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பந்தல் போடுகிற பேச்சுக்கு முன்னால் இதை எடுங்கள், பேசுகிறபோது உங்கள் ஐயரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.