கடைக்காரரைத் திட்டாதீர்கள்: வெக்கை பற்றிய வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: போன வருசம் ஆடி மாதம் நிலாவெளியில் அக்கா வீட்டு ஏர் கூலர் நல்ல குளிர்ச்சி தந்தது. அதைப் பார்த்து நாங்களும் இந்தப் பங்குனியில் ஒன்று வாங்கினோம். அறையைப் பூட்டிவிட்டுப் போட்டாலும் குளிரவில்லை, தலையணை பிசுபிசுக்கிறது. மிஷினில் பிழை இல்லை என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டோமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள் தங்கச்சி, வாங்கின மாதம்தான் பிழை. ஏர் கூலர் ஈரத் தட்டிக்குள்ளால் காற்றை இழுத்து விடுகிறது, தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. காற்று காய்ந்திருந்தால்தான் அது சரிவரும். பங்குனி, சித்திரையில் நம்மூரில் நிழலில் போட்ட துவாய் பின்னேரமாகியும் ஈரம் விடாது. சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வருவதும் அப்போதுதான், ஏப்ரல் 12 அளவில், வருசப்பிறப்புக்கு ஓரிரண்டு நாள் முன்னால். நடுப்பகலில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். அந்தப் புழுக்கத்தில் அறையையும் பூட்டிவிட்டு இன்னும் தண்ணீரை ஆவியாக்கினால் புட்டுப் பானைக்குள் படுத்த மாதிரித்தான் இருக்கும்.

அக்கா வீட்டில் அது குளிர்ந்தது கச்சான் காலத்தில். (கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்.) இரத்தினபுரிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இறங்குகிற காற்று நம் பக்கம் வரும்போது காய்ந்து, சுட்டுக்கொண்டு வரும், உதடு வெடிக்கும். அதற்கு ஏர் கூலர் பொருந்தும், அதுவும் ஒரு யன்னலைத் திறந்து வைத்தால். என் அம்மம்மா மேற்குப் பக்க யன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்து, கரண்டே இல்லாமல் அதே வேலையைச் செய்தார். மண்பானைத் தண்ணீர் ஆடியில் பல் கூசுகிற மாதிரியும் சித்திரையில் ஏனோதானோவென்றும் இருப்பதும் இதனால்தான். பெயின்ட் அடித்த பானை எந்த மாதத்திலும் சரிவராது, தண்ணீர் கசிய வழியில்லை.

ஆகவே இப்போதைக்கு மிஷினை மூடி வையுங்கள். எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, சமையலைப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். கச்சான் வீசத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ்: காலை ஒன்பது, பத்துக்கே யன்னல்களை அடைத்து, ஒன்றில் மட்டும் மிஷினையோ சாக்கையோ வைத்து, இரவில் எல்லாவற்றையும் திறவுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு நாலு மாதம். வெக்கைக்குத் தொண்டை வறளும், கொதித்தாறின தண்ணீர் பருக்கு என்று மாமி நிற்கிறார். கொடுக்கலாமா? (இளம் தாய், சாம்பல்தீவு)

பதில்: வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே, அதில் பெரும்பங்கு தண்ணீர்தானே. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். மாமியோடு சண்டை பிடிக்காமல் அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், குடும்பநல மாது சொன்னால் கேட்பார்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, பிரஷர் குளிசை எடுக்கிறார். தகரக் கூரை வீடு, மத்தியானத்தில் தலைசுற்றுகிறது என்கிறார். வெயில் முடியும்வரை குளிசையை நிறுத்தி இளநீர் கொடுக்கலாமா? (வாசகர், பாலையூற்று)

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது தம்பி. பிரஷர் குளிசைகளில் சில சிறுநீரைக் கூடப் போகவைக்கும், வேறு சில உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அது ஆபத்து. இந்தக் கிழமையே குளிசைகளோடு அவரை டாக்டரிடம் காட்டுங்கள். அளவை மாற்றுவதா, தினமும் இளநீர் கொடுப்பதா என்று அவர் சொல்லட்டும்.

அதுவரை பதினொன்றிலிருந்து நாலு மணிவரை அப்பாவைத் தகரத்துக்குக் கீழே வைத்திருக்காதீர்கள். அங்கே மின்விசிறி கூரைச் சூட்டைத்தான் கீழே இறக்கும். வேப்பமரத்தடியில் ஒரு கதிரை போதும், கழுத்திலும் கையிலும் ஈரத் துவாயால் துடைத்துவிடுங்கள். பேச்சுத் தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாவிட்டால், மயங்கினால், 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கூரைக்குச் செலவு குறைந்த வழி, தகரத்துக்கு மேலே கிடுகு. அடுப்படிப் பக்கம் மட்டும் விட்டுவிடுங்கள், நெருப்புப் பொறி பட்டால் போதும். கச்சான் தொடங்குவதற்குள் போட்டு, மேலே பழைய மீன்வலையை விரித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கிடுகை அடுத்த வளவில்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.