குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: உங்கள் கேள்விகள் சில

கே: 10 மாதக் குழந்தைக்கு நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. உடனே நிற்க என்ன மருந்து தரலாம்?

நிறுத்தும் மருந்தைத் தேடாதீர்கள். பெரியவர்கள் போடும் லோபரமைடு குழந்தைகளுக்கு ஆபத்து. பெரும்பாலும் வைரஸால் வருவது என்பதால் ஆன்டிபயாடிக்குக்கும் வேலையில்லை. சில நாளில் தானாக அடங்கும். அதுவரை வெளியே போகிற நீரையும் உப்பையும் உள்ளே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வைத்தியமே அதுதான். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ். (பாக்கெட் பொடியைத் தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்), நடுநடுவே தாய்ப்பால். கூடவே டாக்டரிடம் கேட்டு ஜிங்க் (துத்தநாகச் சத்து) மருந்து. 6 மாதம் தாண்டியவர்களுக்கு வழக்கமாக தினம் 20 மி.கி., 14 நாள். பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கே: ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலக்கலாமா?

கூடாது. பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, 200 மி.லி.க்கான சின்னதும் கிடைக்கும். கண்ணளவில் கலந்தால் உப்பு ஏறிவிடும், அது பேதியைவிட மோசம். கலந்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். ஜூஸ் மாதிரி இனிக்கும் அட்டைப்பெட்டி பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது, அதிலுள்ள சர்க்கரை பேதியைக் கூட்டும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் ஆறிய நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது.

கே: குளுக்கோஸ் ஏற்றினால் சீக்கிரம் சரியாகுமே?

குடிக்க முடிகிற குழந்தைக்கு எதற்கு ஊசி? 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி டிரிப் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே சாவை 30 சதவீதத்திலிருந்து 4க்கும் கீழே இறக்கினார். காலராவுக்கே போதுமானதாக இருந்தது!

கே: குடித்ததும் கக்கிவிடுகிறான்.

10 நிமிடம் விட்டு, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாக, 2-3 நிமிடத்துக்கு ஒன்று. பாட்டில் வேண்டாம்.

கே: மாமியார் தொக்கம் (உள்ளே சிக்கிய உணவு என்று சொல்லி நாட்டு முறையில் எடுப்பது) எடுக்கச் சொல்கிறார், சோறும் கொடுக்கக்கூடாதாம்.

தொக்கம் வேண்டவே வேண்டாம், தொண்டையில் காயம்படும், நேரமும் போகும். பட்டினியும் தப்பு. குழைந்த சாதம், இட்லி, தயிர், வாழைப்பழம் எல்லாம் தரலாம். அவர் வைக்கிற உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அருமையானது, அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

உச்சிக்குழியோ கண்ணோ உள்வாங்கியிருந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் இருந்தால், குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இதில் எதற்கும் காத்திருக்காதீர்கள். போகிற வழியிலும் ஸ்பூனால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள், ஆனால் மயங்கிக் கிடக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.