சிலிர்க்கவில்லை என்றால் நாட்டுப்பற்று இல்லையா?

கேள்வி: தேசிய கீதம் ஒலிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கண் கலங்குகிறது. எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. ஆனால் நாட்டின் ஏதோ ஒரு மூலையில் யாருக்கோ அநியாயம் நடந்ததாகப் படித்தால், வெட்கத்தில் தூக்கம் வருவதில்லை. அதைப் பேசினால், "உனக்கு நாட்டுப்பற்றே இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். நான் இந்த நாட்டைச் சேர்ந்தவன்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நண்பர்கள் கவனிக்கத் தவறியது அந்த வெட்கத்தைத்தான். வேறொரு நாட்டில் அநியாயம் நடந்தால் நமக்குக் கோபம் வரும், இரக்கம் வரும், வெட்கம் வராது. நம்முடையது என்று நினைப்பதற்குத்தான் வெட்கப்படுவோம். ஆகவே சந்தேகமே வேண்டாம், நீங்கள் இந்த நாட்டைச் சேர்ந்தவர்தான்.

பிரெடரிக் டக்ளஸை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1852 ஜூலையில், சுதந்திர தினத்தையொட்டி ராச்செஸ்டர் நகரில் பேச அழைத்தார்கள். இந்த விழா உங்களுடையது, என்னுடையது அல்ல என்று மேடையிலேயே சொன்னார். அதே உரையில், எல்லா மனிதரும் சமம் என்று சொல்லும் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் கொள்கைகளை விட்டுவிடாதீர்கள் என்றும் வலியுறுத்தினார். 1857-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பளித்தது. அவர் ஓயவில்லை. 1868-ல் வந்த அரசியல் சட்டத் திருத்தம் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. குடிமகன் இல்லை என்று சட்டமே சொன்ன காலத்திலும், நாடு கொடுத்த வாக்கை நிறைவேற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைவிட அந்த நாட்டுக்கு உரியவர் யார்?

கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக நில்லுங்கள், போதும். நண்பர்களுக்கு வரும் சிலிர்ப்பும் உண்மையானதுதான். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அந்த வெட்கம் தூக்கத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. உள்ளாட்சிக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருந்தால் போய் உட்காருங்கள். வரவுசெலவு படிக்கும்போது புரியாத கணக்கு ஒன்று கட்டாயம் வரும். எழுந்து கேளுங்கள். அப்புறம், வாக்காளர் பட்டியலைத் திருத்தும் சமயத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். புதிதாகக் குடிவந்தவர், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர், இவர்கள் பெயரெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வாக்குச்சாவடி வாசல்வரை வந்து, பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போவார் அவர்.

கூட்டத்துக்குப் போகும்போது, உங்களைக் குறை சொன்ன நண்பர்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். நாட்டின் மேல் அவருக்கும் அன்பு இருக்கிறது, வருவார்.